கம்ப்யூட்டருக்குப் பூ கேட்டோம்

"நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற விண்டோஸை மாத்திப்போடலாமுங்க" என்று என் மனைவி சுகன்யா சொன்னபோது என் கையில் காபி டம்ளர் இருந்தது. அடுத்த நொடி காபி வேட்டியில் இருந்தது. சூடே தெரியவில்லை. நெஞ்சுக்குள் அதைவிடப் பெரிய சூடு.

"காபியைக் கொட்டிக்கற அளவுக்கு நான் என்னங்க சொல்லிப்போட்டேன்?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்வது எனக்குக் கல்யாணத்தன்றே பழகிவிட்டது.

விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் பெயர் அர்த்தநாரி. மல்லசமுத்திரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முதலாளி நான். பில் போடுவது, வரி கட்டுவது, பேங்க் விவகாரம், முதலாளிக்குக் கைச்செலவுக்குக் கொடுப்பது எல்லாம் சுகன்யா. அதற்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. எங்கள் மகள் இலக்கியா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அவள் படித்து முடித்து பெங்களூரில் வேலைக்கே போய்விட்டாள். கம்ப்யூட்டர் மட்டும் அதே மேசையில், அதே விண்டோஸ் ஏழோடு உட்கார்ந்திருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டதும், "கணக்குப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கணக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சீட்டு அடுக்குவேன். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த சாலிடேர் ஆட்டம். சிவப்புக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே சிவப்பு என்று இறக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசிச் சீட்டும் போய்ச் சேர்ந்தால் திரை முழுக்கச் சீட்டுகள் துள்ளிக் குதிக்கும். என்னைப் பாராட்டி இந்த வீட்டில் துள்ளுகிற பொருள் அது ஒன்றுதான்.

அது மட்டுமல்ல. இத்தனை வருஷமாக நான் ஆடியதில் நூற்றுக்கு எத்தனை ஜெயித்தேன் என்று அந்த ஆட்டம் நினைவு வைத்திருக்கிறது. நல்ல எண்ணிக்கை. அர்த்தநாரி என்கிற ஒருவன் வாழ்க்கையில் ஜெயித்திருக்கிறான் என்பதற்கு உலகத்தில் வேறு எங்கேயும் அத்தாட்சி இல்லை. அதைப் போய் மாற்றலாம் என்கிறாள். காபி கொட்டாமல் என்ன செய்யும்?

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயம். பேங்க்காரர்களின் இணையப் பக்கம் பழைய விண்டோஸில் திறக்க மறுத்தது. வரி கட்டுகிற பக்கமும் முரண்டு பிடித்தது. சுகன்யா எல்லாவற்றையும் செல்போனில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். மாலையானால் கண்ணில் தண்ணீர் வழியும். தன் சித்தி மகள் தனப்பிரியாவை வரச் சொல்லியிருந்தாள். தனப்பிரியா திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். வந்தாள், கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள், உள்ளே இருந்த தூசியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். விண்டோஸ் பதினொன்று இந்த மிஷினுக்கு ஏறாது, பத்து ஏறும், கொஞ்சம் மெமரி சேர்த்துப் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும் என்றாள்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டே, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்கிற தோரணையில், இதில் இருக்கிற ஆட்டமெல்லாம் என்னாகும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் போயிருமுங்க மாமா. புதுசுல பழைய கேம் வராது. இங்க யாரு ஆடறாங்க?"

"ஒருத்தரும் ஆடலை" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், வராத லாரிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

"ஏழுக்கு என்ன கொறைச்சல்? நல்லாத்தான ஓடுது."

"ஓடலீங்க. நவுருது."

"பத்துக்கு மாத்துனா மட்டும் பறக்குமாக்கும்."

"பறக்க வேண்டாமுங்க. பேங்க் பக்கம் தொறந்தாப் போதும்."

"பேங்க்குதான் கூப்புடற தூரத்துல இருக்குதே அம்மிணி. நேராப் போனா நாலு பேரைப் பாத்த மாதிரியும் ஆச்சு."

"அப்ப நாளையிலருந்து நீங்களே போய் நாலு பேரைப் பாத்துட்டு வாங்க."

மறுநாள் வேறு பக்கமாக வந்தேன். மோகனூரில் இருக்கிற என் சிநேகிதன் சந்திரசேகர் இப்படித்தான் மாற்றினான், மாற்றிய அன்றைக்கே அவனுடைய பிரிண்டர் செத்துப்போனது என்று பயமுறுத்தினேன். அவரே பிரிண்டர் மேல் மோர்ச் சொம்பைக் கவிழ்த்தாராம் என்றாள் சுகன்யா. அவருடைய சம்சாரம் இவளிடம் போனில் சொல்லிவிட்டதாம். இந்தப் பெண்கள் போனில் என்னதான் பேசிக்கொள்வதில்லை?

கடையில் உட்கார்ந்து கயிறு அளந்துகொண்டிருந்தபோது யோசனை வந்தது. பூ வாக்கு.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ரெண்டும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து வாழை நாரால் கட்டியிருக்கும். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று முன்னாடியே பேசிக்கொண்டு, அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். தண்ணீருக்குப் போர் போடுகிற இடத்துக்குக் கேட்டிருக்கிறோம். இலக்கியா என்ன படிப்பது என்று கேட்டிருக்கிறோம். அம்மன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சுகன்யாவே பேச மாட்டாள். அவள் பேசாமல் இருக்கிற ஒரே இடம் அதுதான். அங்கேதான் நான் ஜெயிக்க முடியும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக எடுத்துவிட்டேன்.

"கம்ப்யூட்டருக்கா பூ கேக்கறது?" என்றாள். குழம்புக் கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது.

"நம்ம தொழிலே அதுலதான ஓடுது. தெய்வத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா என்ன?"

என் தட்டில் குழம்பை ஊற்றினாள். அப்புறம் சரி என்றாள். வெள்ளை வந்தால் இருக்கிறபடியே விட்டுவிடுவது, சிவப்பு வந்தால் மாற்றுவது என்று நானே நிறம் பிரித்தேன். அதற்கும் சரி என்றாள். எங்கள் வழக்கப்படி பூவைக் கட்டுகிறவர் பொட்டலத்தை எடுக்கக் கூடாது. அதனால் நான் கட்டுகிறேன், நீ எடு என்றேன். அதற்கும் சரி.

"ஆனா ஒண்ணுங்க. அம்மன் சொன்னா சொன்னதுதான். அப்பறம் மாத்திப் பேசப்படாது."

"மாத்திப் பேசப்படாது" என்று நானும் திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு ரெண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலியோரம் செவ்வரளி பூத்துக் குலுங்கியது. அந்தப் பக்கமே திரும்பவில்லை. நந்தியாவட்டைச் செடியில் ரெண்டு வெள்ளைப் பூ பறித்தேன். அந்த இலையில் ஒன்று, இந்த இலையில் ஒன்று. ரெண்டும் வெள்ளை. எதை எடுத்தாலும் வெள்ளை. எப்படி என் மூளை? வாழை நாரை இழுத்து இறுக்கிக் கட்டினேன். மனசுக்குள் கொஞ்சம் உறுத்தியது. தாயே, இது உன்னை ஏமாற்ற இல்லை, சுகன்யாவை மட்டும்தான் என்று வாய்க்குள்ளேயே சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கூடையைச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளிக்கும்போது பாட்டுகூட வந்தது.

கோயிலில் அன்று கூட்டம் அதிகமில்லை. தோட்டத்தில் போர் போட வாக்குக் கேட்பதற்காகக் கந்தம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருக்காரர், பெரிய மனுஷி. இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். பூசாரி காத்தான் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"எதுக்குங்க சாமி கேக்கறோம்?"

"கம்ப்யூட்டருக்குங்க" என்றாள் சுகன்யா.

கந்தம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். காத்தான் மட்டும் சிரிக்கவில்லை. தொழில் சுத்தம். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு அம்மனைப் பார்த்துக் கையெடுத்தார். "தாயே, இவங்க ஊட்டுப் பெட்டி ஏழுல இருக்குது. பத்துக்குப் போறதுன்னா சிவப்பைக் குடு. ஏழுலயே இருக்கறதுன்னா வெள்ளையைக் குடு." பொட்டலங்களைக் காலடியில் வைத்து, இடம் மாற்றி, சூடம் காட்டினார்.

சுகன்யா கண்ணை மூடிக்கொண்டாள். கை நீட்டி ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். விரலால் தடவினாள். விட்டுவிட்டாள். அடுத்ததைத் தடவினாள். பக்தியில் கை நடுங்குகிறது, பாவம் என்று நினைத்தேன். ரெண்டாவதை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். நான் அப்போதே முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். ஜெயித்தவன் சிரிக்கக் கூடாது அல்லவா?

காத்தான் நாரைப் பிரித்தார். இலையை விரித்தார்.

செவ்வரளி.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். சிவப்புதான். ரத்தச் சிவப்பு. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அதெப்புடி சிவப்பு வரும்? ரெண்டுலயும் வெள்ளைதான வெச்சேன்!"

மணி ஆட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கந்தம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

காத்தான் அடுத்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதில் வெள்ளை. நான் வைத்த நந்தியாவட்டை, வாடாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தா மாத்திப்போட்டா" என்றார் கந்தம்மாள். பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் குலவை போட்டார்.

அம்மனை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. நான் கட்டிய பொட்டலத்துக்குள் புகுந்து பூவை மாற்றியிருக்கிறாள். கோபமாக இருக்கிறாள். வெறும் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு இவ்வளவு தூரம் வந்தவள் அடுத்து எதை மாற்றுவாளோ? கடையையா? கண்பார்வையையா? தொப்பென்று விழுந்து கும்பிட்டேன். தப்பு பண்ணிப்போட்டேன் தாயே என்று அழுதேன். நிஜமாகவே அழுதேன். அது போதாது என்று தோன்றியது. எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்தேன்.

"இனிமே சத்தியமா நான் கம்ப்யூட்டர்ல சீட்டே ஆட மாட்டேன் சாமி."

யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"சீட்டுங்களா?" என்றாள் சுகன்யா. அவள் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

மறுநாளே தனப்பிரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அது வேறு கம்ப்யூட்டர் மாதிரி இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் எழுந்து நின்றது. பேங்க் பக்கம் தட்டியவுடன் திறந்தது. சுகன்யா கண்ணைச் சுருக்காமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு வாரத்து பில்லை உட்கார்ந்த இடத்தில் முடித்தாள். அதைப் பார்த்தபோது, இதை முன்னாடியே செய்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. வெட்கமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது தனப்பிரியா என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, உங்க சீட்டாட்டம் எங்கயும் போகலீங்க. தனியா எடுத்து வெச்சிருந்து திருப்பிப் போட்டுட்டேன். நீங்க ஜெயிச்ச கணக்கு மொதக்கொண்டு அப்படியே இருக்குது."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"போயிரும்னு நீதான சொன்ன?"

"சொன்னேனுங்க. நீங்க வாசலுக்குப் போனதும் அக்கா கேட்டாங்க. மத்தியானத்துல அவரு அது ஒண்ணுதான் ஆடறாரு, அது போனா மனசு ஒடைஞ்சுபோயிருவாரு, எப்படியாவது காப்பாத்திக் குடுன்னு சொன்னாங்க. அதுக்குன்னே ஒரு நா முழுக்க மெனக்கெட்டேன்."

அவள் போன பிறகும் நான் சுவரை விடவில்லை. தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, காப்பாற்றவும் ஏற்பாடு செய்திருக்கிறாள். "சரி, மாத்து" என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் புது விண்டோஸில் பழைய சீட்டை அடுக்கிக்கொண்டிருப்பேன். பூவும் வேண்டாம், சூடமும் வேண்டாம். கை வேறு சுட்டிருக்காது.

அடுப்படிக்குப் போனேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க. நீங்க பூக் கேக்கலாம்னீங்க. சரின்னேன்."

"அப்ப அந்தச் செவ்வரளி?"

தட்டில் கிடந்த அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்காக நான் ஒரு பூ பறித்ததில்லை. அன்றைக்கு நானாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் குளித்துக்கொண்டே பாடியதும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். ரெண்டும் வெள்ளை. ஒன்றில் வெள்ளையை எடுத்துவிட்டு அரளியை வைத்துக் கட்டினாள்.

"சரி, ரெண்டுல ஒண்ணுதான மாத்துன? எடுக்கறப்ப உனக்கு எப்புடிச் சரியாச் சிவப்பே வந்துச்சு?"

"நீங்க கட்டுனது தார்ப்பாய்க்குப் போடற முடிச்சுங்க. முட்டு முட்டா இருக்குது. நான் கட்டுனது பூக்கட்டற முடிச்சு. கண்ணை மூடிக்கிட்டுத் தடவுனாலே தெரியுமே."

அப்போ அம்மன் பூவை மாற்றவில்லை. அம்மனுக்கு என் மேல் கோபமும் இல்லை. மாற்றியது இவள். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் அப்படி ஒரு நிம்மதி. சாமிகிட்டயே தில்லுமுல்லு பண்ணியிருக்கிறாயே, உனக்குப் பயமாக இல்லையா என்று அதட்டினேன்.

"நீங்க ரெண்டும் வெள்ளை வெச்சு அம்மனுக்கு ஒரு வழியும் இல்லாமப் பண்ணிப்போட்டீங்க. நானாச்சும் ஒரு சிவப்பை வெச்சேன்."

அப்போதுதான் அதைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது. வாக்கே பொய் என்றால் அதை நம்பிச் செய்த சத்தியமும் பொய்தானே? அது செல்லாது. நான் ஆடலாம். ஒரு வக்கீல் மாதிரி நிமிர்ந்து நின்று இதை அவளுக்கு விளக்கினேன்.

"பூவைத்தானுங்க நான் மாத்துனேன். சத்தியம் பண்ணச் சொல்லி நான் கேட்டனா? பூசாரி கேட்டாரா?"

"இல்ல."

"கந்தம்மாக்கா கேட்டுச்சா?"

"இல்ல."

"சூடத்துல கை வெச்சது யாரு?"

"நான்தான்."

"அப்பறம் என்னங்க?"

அவரைக்காய்த் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். மிச்சத்தை உரித்து வைக்கச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். பில் போடுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சத்தம் கேட்டது. சீட்டு கலைக்கிற சத்தம்.

தட்டோடு ஓடினேன். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுகன்யா சாலிடேர் ஆடிக்கொண்டிருந்தாள். என் சாலிடேர். ஆடத் தெரியவில்லை. ஒன்றின் கீழ் ஒன்று வைக்கத் தெரியாமல் சீட்டுக்கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். தோற்றாள். மறுபடி கலைத்தாள். மறுபடி தோற்றாள். ஒவ்வொரு தோல்வியும் என் கணக்கில் ஏறியது. பல வருஷத்து மத்தியானங்களை விழுங்கி நான் சேர்த்த எண்ணிக்கை என் கண் முன்னாலேயே படி இறங்கியது.

மூன்றாவது ஆட்டத்தில் கறுப்பு ஒன்பது கையில் வந்தது. சிவப்புப் பத்து பளிச்சென்று காலியாகக் காத்திருந்தது. ஒரே ஒரு நகர்த்தல். அதை வைத்தால் எல்லாம் திறந்துகொள்ளும். அவள் அதைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்தாள். அந்த ஒன்பதைத் தாண்டிப் போகப் போனாள். என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மிணி, அந்த ஒம்பதை எடுத்து..."

சுகன்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேசாம இருங்க. சாமி கேட்டுக்கிட்டு இருக்குது."